கையில் இரும்பு தரண்டாம்

கண் திறந்ததும் அவள் பார்த்தது மகாராஜாவின் ஈட்டியை. அது அவள் கையில் இருந்தது. ஈட்டிக் கழுத்தில் கட்டிய மணிகள் இன்னும் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தன, உடம்பின் நடுக்கம் முழுசாக அடங்கவில்லை. சுற்றி ஒரு கூட்டம் நின்றது. நானும் நின்றேன். நான் நிற்கக் கூடாதவன்.

அப்போது நான் திருவிதாங்கூர் சர்க்காரின் அஞ்சல் ஓட்டக்காரன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், தபால் பையைத் தலையில் வைத்து, மணி கட்டிய ஈட்டியைக் குலுக்கிக்கொண்டு ஓடுகிற உத்தியோகம். மணிச்சத்தம் கேட்டால் வண்டி, மாடு, மனிதன் எல்லாம் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஓட்டக்காரனை மறிப்பது குற்றம். ஓட்டக்காரன் நிற்பதும் குற்றம்தான். அன்றைக்கு உதியன்குளங்கரை தாண்டி, சுமைதாங்கிக் கல்லுக்குப் பக்கத்தில் ஆட்கள் என்னை மறித்தார்கள். "இரும்பு தாரும், இரும்பு தாரும்" என்று ஒரே கூச்சல். இருபது வயசு இருக்கும் ஒரு பெண் மண்ணில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மற்ற ஊர்களில் காக்காய் வலிப்பு என்பார்கள், எங்கள் பக்கம் சுழலித்தீனம். சுழலி வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் சட்டென்று விட்டுவிடும் என்பது எங்கள் ஆட்களின் அசையாத நம்பிக்கை. சாவிதான் வழக்கம். அந்தக் கூட்டத்தில் சாவி வைத்திருந்தவன் ஒருவனும் இல்லை. பூட்டி வைக்கிற அளவுக்குச் சொத்துள்ளவன் எவன் அந்தச் சாலையில் நடந்து போவான்? என் ஈட்டியின் முனை இரும்பு. ஆட்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அஞ்சல் மாஸ்டரிடம் பிறகு சொன்னேன். அது பொய். நானே குனிந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, முனையை உள்ளே வைத்து மூடினேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வாயைத் துடைத்தாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். இழுப்பில் இறுகப் பிடித்ததில் உள்ளங்கை குறுக்கே கிழிந்து, ரத்தம் முழங்கை வரை வழிந்திருந்தது.

"இது ஆருக்க கம்பு?"

"மகாராசாவுக்க," என்றேன்.

"மகாராசாவுக்கு நான் என்ன செய்தேன்?"

கூட்டத்தில் ஒரு பெரியவர் இரக்கத்தோடு, "இரும்பு பட்டதுனாலயாக்கும் பிள்ளே சீக்கிரம் விட்டுது," என்றார். அவள் அந்தக் கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"தீனம் எனக்குத் தலையில. வெட்டு கையில. தலையில உள்ளது பிறப்புல வந்தது. கையில உள்ளது ஆரு தந்தது?"

எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

அவள் பேரை இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் அவளைச் சுழலிக்காரி என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே அப்படி ஒருத்தி கூப்பிட்டபோது, "ஒனக்கு எப்பளும் சளி உண்டே, மூக்கொழுகிண்ணா நான் ஒன்ன விளிக்கேன்?" என்று கேட்டவள் அவள். நான் அவள் சொந்தப் பேரை எழுதினால் நீங்களும் அதை நோயோடு சேர்த்து முடிந்துதான் ஞாபகம் வைப்பீர்கள். வேண்டாம்.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. உறைகளின் மேல்விலாசத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டினேன். மீதிப் படிப்பெல்லாம் அந்தச் சாலையில் காதில் விழுந்த பேச்சு. ஓடுகிறவன் காதில் பேச்சு பாதிதான் விழும். மறுபாதியைத் திரும்பி வரும்போது கேட்டுக்கொள்வேன். அவள் சொன்னதாக அந்தச் சாலையில் நடமாடிய பேச்சுகள்தான் எனக்கு அதிகம் ஞாபகம். ஒன்றுகூடச் சிரிப்பதற்காகச் சொன்னது இல்லை. நாங்கள்தான் சிரித்தோம்.

வீடு செங்கல் போகிற வழியில், வயலோரம். அப்பா இல்லை. அம்மாவும் ஓர் அண்ணனும். அண்ணன் காளைவண்டிக்காரன். ஒரு பெரிய வீட்டுக்காரருக்கு நெல்லும் தேங்காயும் ஏற்றுகிறவன், தங்கைமேல் உயிரை வைத்திருந்தவன். இந்தச் சங்கதியில் கெட்டவன் என்று ஒருவனும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். ஒருவன் இருந்திருந்தால் எல்லாவற்றையும் அவன் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

சின்ன வயசில் அவள் அடுப்புப் பக்கம் விழுந்து முழங்கை வெந்திருந்தது. அன்றிலிருந்து தீப்பக்கம் போகக் கூடாது, கிணற்றடிக்குப் போகக் கூடாது. குளத்தில் குளிக்கும்போது இடுப்பில் கயிறு கட்டி, மறுநுனியைப் படியில் உட்கார்ந்து அம்மா பிடித்திருப்பாள். வளர்ந்து, தாவணி மாறி, இருபது வயசான பிறகும் அந்தக் கயிறு அவிழவில்லை. "அடுத்த வீட்டு ஆட்டுக்கு என்னக் காட்டிலும் கயிறு நீளம் உண்டு," என்று அவள் சொன்னதை, அந்த ஆட்டுக்குச் சொந்தக்காரியே என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. இரண்டாந்தாரம் தேடிய ஒரு வயசாளி. தீனம் இருந்தாலும் பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னாராம். இவள் முற்றத்துக்கு வந்து அவர் எதிரே நின்றிருக்கிறாள்.

"எனக்குள்ளது வந்தாப் போவும். ஒமக்கு வந்த வயசு போவுமா?"

வந்தவர் வெற்றிலைகூடப் போடாமல் எழுந்துவிட்டார். அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. இவள் அந்த மூன்று நாளில் வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தோண்டி, பானை கழுத்துவரை உள்ளே இறங்குகிற மாதிரி ஒரு குழியடுப்புப் போட்டாள். மேலே விழுந்தாலும் பானை கவிழாது, தீ வெளியே எட்டாது. நான்காம் நாள் அதில் தானே மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, வேகவைத்து இறக்கினாள். "அழுது தீந்துண்ணா வந்து தின்னும். ஆறிப்போவும்," என்றாளாம் அம்மாவிடம். அம்மா தின்றாள். தீப்பக்கம் போகாதே என்று அதற்கப்புறம் சொல்லவில்லை.

அடுத்தது சந்தை. நெய்யாற்றின்கரைச் சந்தைக்குத் தன் மரச்சீனியைத் தானே சுமந்து, தனியாகப் போய், தனியாகத் திரும்ப வேண்டும். இதற்குமேல் அவள் ஒன்றும் கேட்டதில்லை. கயிறு இல்லாமல், பின்னால் ஆள் இல்லாமல்.

"சுமட்டோட விழுந்தா?" என்றான் அண்ணன்.

"மரச்சீனி விழுந்தா உடையாது. அதுக்குத்தான் மரச்சீனி."

"நீ?"

"இத்தன வருசம் விழுந்தேன். உடஞ்சா போனேன்?"

மாதக்கணக்கில் இந்தப் பேச்சு நடந்தது. கடைசியில் அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தான். ரோட்டில் ஒரே ஒரு தடவை விழுந்தாலும் பிறகு வாசல் தாண்டக் கூடாது. மலையடிவாரத்தில் ஒரு மந்திரவாதி இருக்கிறான், தீனத்தை விரட்ட அவளை அவன் வீட்டில் ஒரு மண்டலம் அண்ணனே கொண்டுபோய் விட்டுவிடுவான். இவள் சரி என்றாள். விழாமல் இருக்கச் சுழலிக்காரியால் முடியுமா என்று அவன் யோசிக்கவில்லை. அவள் யோசித்திருந்தாள்.

"விழுவேன். அது அவனுக்குத் தெரியாமப் பாக்கணும், அவ்வளவுதான்," என்று அவள் சொன்னது பொழியூர் மீன்காரியிடம். கடற்கரையிலிருந்து மீன்கூடை சுமந்து தினமும் அந்தச் சாலையில் வருகிறவள். கழுத்தில் ஜெபமாலை, வாயில் வசவு. இந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்துப்போனது, தன்னைவிட ஒரு சத்தம் கூடுதலாகப் பேசுகிற ஆள் கிடைத்ததால்தான் என்று நினைக்கிறேன்.

அப்படித்தான் ரோடு முழுக்க அவளுக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. நாங்கள் பிள்ளைகள், அவள் வாத்தியார். பிரம்பு இல்லை, அந்த நாக்கு போதும். சாலையோரம் மோர் விற்கிறவரிடம் போய் நின்று, "நான் இஞ்ச விழுந்தா நீரு என்ன செய்வீரு?" என்று கேட்டாள்.

"அரிவாள எடுத்துக் கையில தருவேன் பிள்ளே. நல்ல இரும்பு."

"தாகம்ணு வாறவனுக்கும் அரிவாளையா குடுக்கீரு?"

விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். ஒரு தரமல்ல, போகும்போதும் வரும்போதும். ஓடுகிற என்னை நிறுத்த முடியாது என்பதால், தலையில் சுமையோடு பத்தடி கூடவே ஓடி வருவாள். முதல் நாள் என் ஈட்டி கிழித்த தழும்பு அந்தக் கையில் தெரியும்.

"ஓட்டக்காரரே, நான் விழுந்தா?"

"சரிச்சுக் கிடத்துவேன்."

"தலைக்கு அடியில?"

"சும்மாடு." சுமைக்கு அடியில் தலையில் வைக்கிற துணிச்சுருளைத்தான் சொன்னேன்.

"வாயில?"

"ஒண்ணும் வைக்கமாட்டேன்."

"கையில?"

"ஒண்ணும் தரமாட்டேன்."

"பின்ன?"

"பாத்துட்டு நிக்கிய ஆளுகள விரட்டுவேன்."

"ம். ஓடும்."

தப்பாகச் சொன்னால் மறுநாள் முதலிலிருந்து கேட்பாள். மீன்காரி ஒரு தடவை விளையாட்டாக, "கையில ஒரு சாளமீனு வைக்கட்டா மோளே?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டு நாள் இவள் அவளோடு பேசவில்லை. "எனக்க உசிரு ஒனக்குச் சிரிப்பு," என்று மூன்றாம் நாள் சொன்னாள், அவ்வளவுதான். மீன்காரி அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் சிரித்ததில்லை.

சுமைதாங்கி என்றேனே, இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் படுக்கப் போட்டிருக்கும், ஆள் தலை உயரத்துக்கு. தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் இன்னொருத்தர் கை வேண்டும், அந்தக் கல் இருந்தால் வேண்டாம். அவளுக்கு வழியில் எத்தனை கல், எது எதற்கு எவ்வளவு தூரம் என்று அத்துபடி. விழுவதற்குக் கொஞ்சம் முந்தி அவளுக்குக் கருப்பட்டி கருகுகிற மணம் வரும், யாரும் எங்கேயும் காய்ச்சாத நேரத்திலும். கல் பக்கத்தில் இருந்தால் சுமையை அதில் தள்ளிவிட்டு உட்காருவாள். தூரமாக இருந்தால் சுமையை எறிந்துவிட்டு மண்ணில் உட்காருவாள். மணம் வராமல் விழுந்த நாளும் உண்டு. ஒரு தடவை மோர்க்காரர் பார்த்துக்கொண்டார், ஒரு தடவை மீன்காரி, ஒரு தடவை நான். சரித்தேன், சும்மாட்டை வைத்தேன், வாயிலும் கையிலும் ஒன்றும் வைக்கவில்லை, ஆட்களை ஈட்டியைக் காட்டியே விரட்டினேன். எழுந்து கையைத்தான் முதலில் பார்த்தாள். காலியாக இருந்தது. "கொள்ளாம்," என்றாள். அஞ்சல் மாஸ்டர் ஒருநாளும் சொல்லாத பாராட்டு. அன்று நான் காலில் றெக்கை கட்டின மாதிரி ஓடினேன்.

இனி நான் செய்த காரியம்.

அவளுடைய அண்ணன் ஒரு மத்தியானம் பாறசாலை அஞ்சலாபீஸ் வாசலில் எனக்காகக் காத்திருந்தான். தோளில் துண்டு, கையில் சாட்டை, கண்ணெல்லாம் சிவப்பு.

"ஓட்டக்காரரே, நீரு சர்க்கார் ஆளு. பொய் சொல்லமாட்டீரு. எனக்கு உறக்கமில்ல. அவ ரோட்டுல விழுந்தாளா?"

சர்க்கார் ஆள் என்றதில் எனக்குள் ஏதோ நிமிர்ந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. தைரியம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, நல்லதுக்குத்தான் வாயைத் திறந்தேன்.

"மூணு தடவ. ஒண்ணும் ஆவல்ல. அவளுக்கு வழியெல்லாம் ஆளு உண்டு."

நான் சொன்னது மூன்று வாக்கியம். அவன் காதில் முதலாவது மட்டும் விழுந்தது. அன்று சாயங்காலமே அவளை அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டான். அடுத்த நாள் அவனுடைய வண்டி மலையடிவாரத்துக்குப் போனது.

ஒரு மண்டலம் கழித்துத் திரும்பி வந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நெற்றியின் நடுவில், வட்டமாக, ஒரு சூடு. கையில் பிடித்த இரும்பு போதாது என்று, இரும்பைப் பழுக்கக் காய்ச்சி நெற்றியில் வைத்திருக்கிறார்கள். அந்த மந்திரவாதியை நான் கண்ணால் கண்டதில்லை. காணாதவனைத் திட்டித் தீர்ப்பது சுலபம், பல வருஷம் அதைத்தான் செய்தேன். வாய் வலித்ததுதான் மிச்சம். அவன் கையிலிருந்த இரும்புக்கு முந்தி என் நாக்கு இருந்தது.

அவள் வந்த விவரம் எனக்கு மீன்காரி சொல்லித்தான் தெரியும். சொன்னாள் என்பது சரியில்லை. கூடையைக் கல்லின்மேல் வைத்துவிட்டு ரோட்டின் நடுவில் வந்தாள்.

"எலே ஓட்டக்காரா, ஒனக்க சம்பளத்துக்குக் கடுதாசி கொண்டு போனாப் போதாதா? ஆரு ஒன்கிட்ட அந்தப் பிள்ளைக்க சேதியக் கொண்டு போவச் சொன்னது?"

"அண்ணன் கேட்டான்..."

"கேட்டா? ஒனக்கக் கூட ஓடி வந்து அவ தெனமும் கேட்டாளே, அது கேக்கல்லயா ஒனக்கு?"

நான் ஓடினேன். எனக்கு வசதியான உத்தியோகம் அது, எப்போதும் ஓடிவிடலாம்.

இரண்டு வாரம் போயிருக்கும். உதியன்குளங்கரை ஏற்றத்தில் மணியைக் குலுக்கிக்கொண்டு வருகிறேன், வழி விடாமல் ஓர் ஆள் ரோட்டின் நடுவில் நிற்கிறது. தலையில் முக்காடு. சுமை இல்லை. என் மணிச்சத்தத்துக்கு யானையே ஒதுங்கிப் பார்த்திருக்கிறேன். அவள் ஒதுங்கவில்லை.

நான் நின்றேன். யாரும் விழாமல், யாரும் பிடித்து நிறுத்தாமல், நானாக நின்றது அதுதான் முதல் தடவை.

முக்காட்டை விலக்கினாள். நெற்றியை நான் பார்க்க வேண்டும் என்பதற்காகவே விலக்கினாள். நான் தரையைப் பார்த்தேன்.

"மேல பாரும்."

பார்த்தேன்.

"நான் விழுந்தா என்ன செய்வீருண்ணு நூறு தடவ கேட்டேன். எல்லாம் சரியாச் சொன்னீரு. ஒண்ணு மட்டும் கேக்க விட்டுப்போச்சு. ஆருகிட்டப் போய்ச் சொல்லுவீருண்ணு கேக்கல்ல."

"பிள்ளே, நான் ஒரு ஆறுதலுக்கு..."

"ஆருக்கு ஆறுதலு?"

அண்ணனுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. உள்ளபடிக்கு எனக்குத்தான். ஒரு பெரிய விஷயம் தெரிந்த ஆளாக ஒரு நிமிஷம் நின்றேனே, அந்த ஆறுதல். அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். ரோட்டை விட்டு இறங்கி நின்றாள்.

"போவும். தபாலு பிந்தும்."

அந்தக் குரலில் சத்தம் இல்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

அடுத்த வாரமே தலையில் மரச்சீனியோடு ரோட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டில் என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. அண்ணன் பழைய நிபந்தனையை எடுத்திருக்கிறான். அதுவரை அழ மட்டுமே தெரிந்த அம்மா, "அவளுக்க நெத்தியப் பாத்தா எனக்குத் தொண்டையில சோறு இறங்கல்ல. இனி அவளத் தொட்டா, நான் அவ கூட இறங்கிப் போவேன்," என்றாளாம். அண்ணன் அதற்குமேல் தடுக்கவில்லை. ஆனால் வண்டியைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். இடுப்புக் கயிறு போய், வண்டி வந்தது. முன்னால் சுமையோடு இவள், இருபதடி பின்னால் தேங்காய் ஏற்றிய வண்டி, காளைகள் எறும்பு வேகத்தில்.

"என்ன, பெருநாள் சப்பரமா? பின்னால தேரு வருது," என்றாள் மீன்காரி.

"தேருண்ணா நம்ம சொன்னா நிக்கும்," என்றாள் இவள். திரும்பிப் பார்க்கவில்லை.

அமரவிளை இறக்கம் வந்தது. மோர்க்காரர் உட்காருகிற இடத்துக்கு எதிரே ஒரு சுமைதாங்கி உண்டு. அவள் அதற்கு நேரே நடையை மாற்றியதைக் கண்டதும் மோர்க்காரர் எழுந்துவிட்டார். மணம் வந்துவிட்டது. சுமையைக் கல்லில் தள்ளினாள், உட்கார்ந்தாள், சரிந்தாள். மோர்க்காரர் ஓடிவந்து அவளைப் பக்கவாட்டில் கிடத்தினார். மீன்காரி சும்மாட்டைத் தலைக்கடியில் வைத்தாள். இரண்டு பேரும் பதறவில்லை.

அண்ணன் வண்டியிலிருந்து குதித்தான். "இரும்பு, இரும்பு" என்று அலறுகிறான். அவனிடமும் சாவி இல்லை. குனிந்தான். வண்டிச் சக்கரம் கழன்றுவிடாமல் அச்சில் செருகியிருக்கிற கடையாணி, அதுவும் இரும்புதானே, அதை உருவிக்கொண்டு ஓடினான்.

அந்த நேரம் பார்த்து இறக்கத்தின் தலையில் நான். மணியைக் குலுக்கிக்கொண்டு. ரோட்டு மாடுகளுக்கு அஞ்சல் மணி கேட்டால் ஒதுங்கிப் பழக்கம். ஆளில்லாத அந்த வண்டியின் காளைகள் வழக்கப்படி மரியாதையாக இடதுபக்கம் ஒதுங்கின. கடையாணி இல்லாத சக்கரம் அச்சை விட்டு நழுவி, தன்பாட்டுக்கு இறக்கத்தில் உருண்டது. வண்டி ஒருபக்கமாகக் குடைசாய்ந்தது. தேங்காய்கள் மூட்டை மூட்டையாக அவிழ்ந்து சக்கரத்தைத் துரத்திக்கொண்டு போயின.

அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆணியோடு தங்கை கைக்குக் குனிந்தான். மோர்க்காரர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையில ஒண்ணும் தரண்டாம்."

"மாறும் ஓய். எனக்கத் தங்கச்சி."

"அவதான் சொல்லியிருக்கா."

மீன்காரி அவன் தோளைப் பிடித்து நகர்த்தினாள். "காத்து வரட்டும். பாத்துட்டு நிக்கியவங்கள விரட்டச் சொன்னா. நீரும் நிக்கத்தான செய்யீரு, போய்த் தேங்காயப் பெறக்கும்."

அவன் போகவில்லை, கிட்டவும் வரவில்லை. ஆணியைப் பிடித்தபடி, நடு ரோட்டில், பெரிய ஆண்பிள்ளை, குழந்தை மாதிரி நின்றான். வலிப்பு தானாக அடங்கியது. எல்லா நாளும் அப்படித்தான் அடங்கியிருக்கிறது. அவன் அதை முதல் தடவையாகப் பார்த்தான்.

கொஞ்சம் தூங்கி அவள் எழுந்தாள். கையைப் பார்த்தாள். அப்புறம் குடைசாய்ந்த வண்டியைப் பார்த்தாள்.

"வண்டிக்கு என்ன?"

"கடையாணிய ஊரிட்டாரு மோளே," என்றாள் மீன்காரி.

"எதுக்கு?"

மோர்க்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தே விட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. அண்ணன் கையிலிருந்த ஆணியை வெகுநேரம் பார்த்தாள்.

"அது வண்டிக்க இரும்பு. அத ஊரி எனக்குத் தந்தா வண்டியும் விழும், நானும் எழும்பமாட்டேன். இது ஒனக்கு ஆரு சொல்லித் தரணும்?"

எழுந்து, சும்மாட்டை உதறித் தலையில் வைத்து, கல்லுக்குக் கீழே தலையைக் கொடுத்துச் சுமையை வாங்கிக்கொண்டாள். கை கொடுக்க நாலு பேர் முன்னே வந்தோம். அவளுக்குத் தேவைப்படவில்லை. உருண்டு கிடந்த தேங்காய்களுக்கு நடுவே கால் பார்த்து வைத்து, இறக்கத்தில் இறங்கிச் சந்தைக்குப் போனாள். பின்னால் வண்டி இல்லை. நான் தபால் பையை இறக்கி வைத்துவிட்டு அண்ணனோடு தேங்காய் பொறுக்கினேன். பிந்திப் போனதற்கு மாஸ்டர் என்னை ஒரு வாரம் ஓட்டத்திலிருந்து நிறுத்தி வைத்தார். அந்த வாரம் முழுக்க வீட்டில் இருந்து நான் கோபப்பட்டேன். யார்மேல் என்று கேட்காதீர்கள்.

அவள் பிறகு எல்லோரிடமும், நான் விழுந்தால் என்ன செய்வீர் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டாள். புதிதாக வந்த வெற்றிலைக்காரன், வழிப்போக்கன், ரோடு போட வந்த கூலியாட்கள், ஒருவரையும் விடவில்லை. என் மணி கேட்டால் ஒதுங்கி நின்று வழி விடுவாள், எல்லோரையும் போல. பத்தடி கூட ஓடி வரமாட்டாள்.

ஒரு வருஷத்துக்குள் சந்தைக்குப் பின்னால், மீன்காரியின் சொந்தக்காரர் ஒருவருடைய ஓலைப்புரையில் தனியாகக் குடியேறினாள். கல்யாணமாகாத பெண், தீனக்காரி, தனியாக. ஊர் என்னவெல்லாம் பேசியது என்று எழுதக் கை கூசுகிறது. அண்ணன் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "நீரும் வாரும். நமக்க ரெண்டு பேருக்கும் அவகிட்டச் சொல்ல ஒரு நல்ல காரியமாவது இருக்கட்டும்," என்றான். நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கதவில் உள்ளேயும் தாழ்ப்பாள் இல்லை, வெளியேயும் இல்லை. முன்பு இருந்ததைக் கழற்றி எடுத்த ஓட்டை மட்டும் தெரிந்தது.

"உள்ள தாப்பா போட்டா நான் விழும்ப ஒருத்தரும் வர ஒக்காது. வெளிய தாப்பா போட்டா எனக்குப் போவ ஒக்காது. ரெண்டும் வேண்டாம்."

"கள்ளன் வருவான் மக்கா," என்றான் அண்ணன்.

"கள்ளன் வந்தா எடுத்துட்டுப் போவான். நீ வந்தா பூட்டிட்டுப் போவ."

அவன் தாழ்ப்பாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கை மாற்றிக் கை மாற்றி வைத்துக்கொண்டு, உச்சி வெயிலில் நின்றான். அவள் இரண்டு கிழங்கு சீவி முடித்தாள். மூன்றாவதை எடுத்தபோது, தலையை நிமிர்த்தாமல், அதே கோபத்தோடு சொன்னாள்.

"வெயிலத்து நிக்கண்டாம். உள்ள வாறதுண்ணா வா. தொறந்துதான் கிடக்கு."

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போனான்.

என்னைப் பார்த்து அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.